தூக்கிக் காட்டிய குற்றம்

கட்டுப்பாடு குலையாமல் இந்தக் கூட்டத்தை நடத்தும் தலைவர் அவர்களே! தாங்கள் கட்டிய வீடு எதிலும் ஒரு நாளும் குடியிருக்காத பெரியோர்களே! செங்கல் சுமந்த களைப்போடு நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் கடைசியில் நின்றுகொண்டிருக்கும் தோழர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வேலையில் அடிபட்டு முடங்கியவர்களுக்கான உதவித்தொகைச் சீர்திருத்தம் பற்றிப் பேசச் சொன்னார்கள். சீர்திருத்தம்! எவ்வளவு அழகான சொல்! விழுந்தவனைப் பார்த்து, "எங்கே வலிக்கிறது?" என்று ஒரு காலத்தில் கேட்டது அரசு. இன்று, "வலிக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்கிறது. ஆண்டு தவறாமல் கேட்கிறது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க வேண்டாமா என்கிறார்கள். பிடியுங்கள், யார் தடுத்தது? ஆனால் பிடிபட்டது யார்?

இதோ, முன்வரிசையில் இருக்கிறாரே நம்முடைய பெயின்டர் அண்ணன், அவர்! சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். மறுபரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அண்ணி சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார். அண்ணன் பளிச்சென்று சவரம் செய்துகொண்டு போனார். அதிகாரி தண்ணீர் கேனைக் காட்டி, "இதைத் தூக்க முடியுமா?" என்று கேட்டார். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அதென்ன சார், தூக்கிடலாம்!"

தூக்கியும் காட்டினார். உதவித்தொகை நின்றது.

சிரிக்கிறீர்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்கு வந்து படுத்தவர் அந்த வாரம் முழுக்க எழவில்லை. "ஏங்க, முடியலன்னு சொல்லத்தானே போனீங்க?" என்று அண்ணி கத்தியிருக்கிறார். "சொல்ல வாய் வரலடி" என்றாராம் இவர்.

ஏன் வரவில்லை? காலையில் கூலிக்காக முச்சந்தியில் நின்ற உங்களுக்குத் தெரியாதா? "மூட்டையை மாடிக்கு ஏத்துவியா?" என்பார் மேஸ்திரி. யோசித்தவனுக்கு அன்று வேலை இல்லை. முடியாது என்றவனுக்கு மறுநாளும் இல்லை. காய்ச்சலோடு முடியும் என்றோம். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு முடியும் என்றோம். முடியும் என்று சொல்லிச் சொல்லியே உலை வைத்தோம். அப்படிப் பழகிய வாயிடம் கேள்வி கேட்டு, வந்த பதிலை அப்படியே எழுதிக்கொள்வதற்குப் பெயர் பரிசோதனையா?

நாளை மேல்முறையீட்டு விசாரணை. இதிலும் தோற்றால் வாடகைக்கு வழியில்லை. அண்ணே, ஒரு ஒத்திகை பார்ப்போமா? இந்த மேடைக்கு உங்களால் ஏறி வர முடியுமா?

என்னண்ணே? சத்தமா சொல்லுங்க. "ஏறிடுவேன் தம்பி"யா?

கேட்டீர்களா! ஐயோ, எழுந்திருக்காதீங்கண்ணே! அவரைப் பிடிச்சு உட்கார வைங்கப்பா!

பக்கத்தில் அண்ணி கையைத் தூக்குகிறார். அமைதி, அமைதி. சொல்லுங்க அண்ணி.

"அவரு தூக்குனதைத்தான் பார்த்தாங்க. அப்புறம் ஒரு வாரமா அவரைத் தூக்குனது நானு. நாளைக்கு என்னைக் கேக்கச் சொல்லுங்க தம்பி."

தோழர்களே, இதற்கு மேல் நான் எதைப் பேச? நாளை அண்ணியும் உள்ளே போவார். தடுத்தால், வாசலில் நாம் இருப்போம். ஒரு நிமிடம் தூக்கியதை எழுதிக்கொண்டவர்கள், ஒரு வாரம் படுத்ததையும் எழுதிக்கொள்ளட்டும்! அதை எழுதும்வரை அங்கிருந்து ஒருவரும் நகர மாட்டோம்!

வேலை அலுப்போடும் காது கொடுத்த உங்களுக்கும், என் பேச்சை முடித்து வைத்த அண்ணிக்கும் நன்றி. நாளை காலை அந்த வாசலில் சந்திப்போம். வணக்கம்.