ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதிய ஒரே கடை

பேசுகிறவன் வாயையும் சுவரில் தொங்கும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! முதுகையே முதலாகப் போட்டு, முதுகுவலியையே முதல் இலாபமாகப் பெற்று, அதன் பிறகு கடை கண்ட மூத்தவர்களே! கல்லாவில் உட்காராமலே கடையை நடத்துகிற, கணக்குப் பார்க்காமலே கணவனின் பொய்யைக் கண்டுபிடித்துவிடுகிற தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் உடன்பிறந்த தம்பியே, அவனருகில் அமர்ந்திருக்கும் என் தையல் கூடத்துச் சகோதரிகள் எழுவரே! இறுதியாக, இந்த மேடையில் எனக்கு வலப்புறம் அமர்ந்து, "சீக்கிரம் முடி, கடையைத் திறக்கணும்" என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருக்கும் எங்கள் பொத்தான் கடை அக்கா அவர்களே! அனைவருக்கும் இந்த மெத்தைக்காரனின் வணக்கம்.

அக்காவைப் பாராட்டிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். வியாபாரி பாராட்டினால் பக்கத்திலிருப்பவன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று நான் விற்க வரவில்லை. ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு, இதே மேடையில், இதே இடத்தில் நின்று ஒரு யோசனை சொன்னேன். அப்போது நான் இந்தச் சங்கத்தின் செயலாளர். நம் நகராட்சியில் கடைக்கு ஒரு வரி. ஆளில்லாத கிடங்குக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. நம் தெருவில் கட்டிடங்கள் நாற்பத்திரண்டு. "நாற்பத்திரண்டையும் கிடங்கு என்று எழுதிக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? கை தட்டினீர்கள்! கை வலிக்கத் தட்டினீர்கள்! என்ன மூளை, எப்பேர்ப்பட்ட மூளை என்று என்னைத் தோளில் தூக்காத குறை. அந்தக் கைதட்டலில் மயங்கி நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

பின்வரிசையில் யாரோ தலையைக் குனிகிறார். குனியாதீர்கள் ஐயா. யோசனை என்னுடையது. உங்களுடையது கைதட்டல் மட்டும்தான்.

மறுநாள் படிவங்களைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போனேன். என்னையும் சேர்த்து நாற்பத்தோரு பேர் படிக்காமலே கையெழுத்துப் போட்டோம். ஒருவர் மட்டும் கண்ணாடியை எடுத்து மாட்டினார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "ஆட்கள் இல்லை" என்ற இடத்தில் விரல் நின்றது.

"ஆட்கள் இல்லைன்னு போட்டிருக்கு. அப்ப என் கடையில இருக்கிற ஒம்பது பேரும் யாருப்பா, பொத்தானா?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். "அக்கா, இது ஒரு தாள். தாள்ல என்ன இருந்தா என்ன?" என்றேன். அவர் படிவத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே செருகிவிட்டு, பொத்தான் எண்ணப் போய்விட்டார். அன்று முதல் அவருக்கு வரிக்காரம்மா என்று பெயர் வைத்தோம். தெருவில் குழாய் உடைந்தால் "வரிக்காரம்மாகிட்ட சொல்லு, அவங்க காசுதான் அங்க ஓடுது" என்போம். விளக்கு எரியாவிட்டால், "வரிக்காரம்மா வெளிச்சம் இன்னைக்கு லீவு" என்போம். அவர் கோபப்பட்டதே இல்லை. ஒரே ஒரு முறை, நான் கொஞ்சம் அதிகமாக அளந்துவிட்டேன். யார் தயவும் இல்லாமல் தனி ஆளாய் வளர்ந்தவன் நான், யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்றேன். அப்போது என் கடை வாசலில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சுமை இறக்குகிற அண்ணன் மூட்டையின் மேலிருந்த எழுத்தைப் படித்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் காட்டிக் கேட்டார்.

"அவருக்கு அந்த எழுத்தச் சொல்லிக் குடுத்த வாத்தியாருக்குச் சம்பளம் நீ குடுத்தியா?"

 வியாபாரத்தில் கடன்காரன் வரும்போது செய்வதைச் செய்தேன். தொலைபேசி வருவது போல நடித்து உள்ளே போய்விட்டேன்.

அன்பார்ந்தவர்களே! பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். என் பொய்க்குக் கால் இருந்தது, கை இருந்தது, கடைசியில் வீடும் கட்டிக்கொண்டது. கிடங்கு என்று எழுதியாயிற்று. கிடங்கு போலத் தெரிய வேண்டாமா? மாடியில் தையல் கூடம். ஏழு இயந்திரங்கள், ஏழு சகோதரிகள், மேற்பார்வைக்கு என் தம்பி. கிடங்குக்கு ஜன்னல் எதற்கு என்று தெருப்பக்கம் முழுவதும் தகரம் அடித்தேன். நகராட்சியிலிருந்து ஆய்வுக்கு வந்தால் கதவைப் பாதி இறக்குவேன். இயந்திரங்கள் நிற்கும். "மேல ஆள் இருக்கா?" என்று கேட்பார்கள். "கிடங்குங்க" என்பேன். பத்தொன்பது ஆண்டுகள் அந்த ஒற்றைச் சொல்லை நாக்குக்குப் பழக்கினேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதே சொல். காக்கிச் சட்டை கேட்டாலும் அதே சொல்.

மிச்சம் பிடித்தோமா? பிடித்தோம்! யார் எவ்வளவு? மூன்று மாடி வைத்திருந்த நான் மிச்சம் பிடித்ததில் ஒரு வண்டி வாங்கினேன். மூலையில் கை அகலக் கடையில் கடிகாரம் பழுது பார்க்கிறாரே நம் அண்ணன், அவர் மிச்சம் பிடித்தது ஆண்டுக்கு ஒரு சோடிச் செருப்பு. ஆனால் சாக்கடை தூர்வார நகராட்சியில் பணம் இல்லாமல் போனபோது தண்ணீர் யார் கடைக்குள் முதலில் புகுந்தது? படி உயர்த்திக் கட்டிய என் கடைக்குள்ளா? இல்லை. அவர் செருப்பு மிதந்தது! இருப்பவனுக்கு இலாபத்தையும் இல்லாதவனுக்கு ஈரத்தையும் பங்கு போட்டுக் கொடுத்த யோசனை ஐயா அது. அதைத்தான் மூளை என்று கொண்டாடினோம்.

நான்கு மாதங்களுக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணி. அடுத்த தெருவில் ஒரு விடுதிக்காரரிடம் நூறு மெத்தைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். கீழ்த்தள ஆட்கள் நால்வரும் வெளியூருக்குச் சரக்குக் கொண்டுபோயிருந்தார்கள். புகை தெரிந்தது. யார் கடையோ பாவம் என்று நினைத்தேன். என் கடை. கீழ்த்தளத்தில் மின்கம்பி பொறிவிட்டு, பஞ்சு பற்றிக்கொண்டது. படிக்கட்டு முழுவதும் கரும்புகை. மாடியில் எட்டுப் பேர்.

நான் ஓடி வருவதற்குள் தீயணைப்பு வண்டிகள் வந்துவிட்டன. வண்டிகள் என்கிறேன், கவனியுங்கள். ஒன்று தண்ணீர் வண்டி. இன்னொன்று ஏணி வண்டி. நிலையத்தில் ஒரு பட்டியல் இருக்கிறதாம். நகராட்சியின் வரிப் பதிவிலிருந்து எழுதியது. ஆளில்லாத கிடங்குத் தெரு என்றால் தண்ணீர் வண்டி மட்டும் புறப்படும். ஆள் இருக்கும் கட்டிடம் ஒன்றாவது இருந்தால்தான் ஏணி வண்டியும் சேர்ந்து வரும். நம் தெருவின் பெயருக்கு நேரே நாற்பத்தோரு பூஜ்யங்கள். ஒரே ஒரு ஒன்பது! அந்த ஒன்பதுக்காக ஏணி வந்தது. எந்தத் தாளைப் பார்த்து "இது வெறும் தாள்தானே" என்றேனோ, அந்தத் தாளின் வழியாக ஏணி வந்தது.

பட்டியலில் இருந்த அந்த ஒன்பது பேரைத் தேடி, என் கடைக்கு அடுத்திருந்த பொத்தான் கடைப் பக்கம் ஏணியைத் திருப்பினார்கள். அப்போது அதிகாரி என்னைப் பார்த்தார். எரிவது என் கட்டிடம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். வண்டி இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார்.

"மேல ஆள் இருக்கா?"

தாய்மார்களே, பெரியவர்களே! உள்ளே இருப்பது என் தம்பி. அப்பா போன பிறகு நான் தோளில் தூக்கி வளர்த்த தம்பி. கேட்டவர் உடுத்தியிருந்தது காக்கி. என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"கிடங்குங்க."

நினைத்துச் சொல்லவில்லை. நாக்கு தானாகச் சொல்லியது. பத்தொன்பது வருடப் பழக்கம் ஐயா, பாசத்தை முந்திக்கொண்டது. அதிகாரி தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்.   அப்போதுதான் ஒரு கை என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனது. வரிக்காரம்மா! நகரும் ஏணி வண்டியின் குறுக்கே போய் நின்றார்.

"என் ஆளுங்க ஒம்பது பேரும் இதோ தெருவுல நிக்கிறாங்க, எண்ணிக்கோங்க. பக்கத்து மாடியில எட்டு பேர் இருக்காங்க. அந்தத் தகரத்தப் பிரிங்க. இவன் சொல்றத நம்பாதீங்க, தாளையும் நம்பாதீங்க."

ஏணி திரும்பியது. தகரம் பிரிந்தது. எட்டுப் பேரும் இறங்கினார்கள்.

பொறுங்கள். கைதட்டலை வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இருக்கிறது.

எட்டுப் பேரையும் பக்கத்திலிருந்த நகராட்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாசலை நான் அதுவரை மிதித்ததில்லை. காசு இருக்கிறவன் அங்கே ஏன் போகிறான்? ஒரே வரிசையில் எட்டுக் கட்டில்கள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றவில்லை. நான் என் வழக்கப்படி செவிலியரிடம் சத்தம் போட்டேன். இதோ இங்கே இருக்கிறாரே மூத்த தையல்காரச் சகோதரி, அவர் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டுச் சொன்னார்: "மொதலாளி, அவங்களத் திட்டாதீங்க. இந்த ஃபேனு சுத்துற காசு நம்ம கிடங்குல இருக்கு போல." அவ்வளவு புகைக்குப் பிறகும் அவருக்கு நக்கல் தீரவில்லை! நான் போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன்.  அவன் பேசினான்.

"தகரத்துல ஆணி ஓட்டை ஒண்ணு இருந்துச்சுண்ணே. அதுல வாய வச்சுத்தான் ஒவ்வொருத்தரா மூச்சு விட்டோம், கத்தத் தெம்பில்ல. அந்த அதிகாரி கேட்டது எனக்குக் கேட்டுச்சு." சுற்றாத மின்விசிறியைப் பார்த்தான். "நீ சொன்னதும் கேட்டுச்சு."

 இந்த நான்கு மாதத்தில் ஒருமுறை கூடச் சொல்லிக் காட்டவில்லை. இன்றுதான், உங்கள் அனைவரின் முன்னிலையில், முதல்முறையாக நான் அதைப் பேசுகிறேன்.

வரி என்றால் என்ன? பிடுங்கல் என்றேன் நான். அரசாங்கம் நம் பையில் விடும் கை என்றேன். வீணாக்குகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். கேள்வி கேட்க வேண்டாமா? கேட்க வேண்டும், உரக்கக் கேட்க வேண்டும்! ஆனால் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தவன் எந்த வாயால் கேட்பான்? இல்லாதவனுக்கு ஏது குரல்? அக்காவிடம் ஒரு நாள் கேட்டேன், இத்தனை கேலிக்கும் நடுவில் எப்படித்தான் விடாமல் கட்டினீர்கள் என்று. பெரிய தத்துவம் எதிர்பார்த்தேன். "என்கிட்ட வேலை பாக்குறவங்கள இல்லைன்னு எழுத எனக்குக் கை வரலப்பா" என்றார். அவ்வளவுதான்! நாலு சரம் பொத்தான் விற்கும் கடையில் இருந்தது அந்த மனது. மூன்று மாடி மெத்தைக் கடையில் அது இருப்பில் இல்லை.

அக்கா, போதும் என்று கை காட்டுகிறீர்கள். முடித்துவிடுகிறேன்.

இன்று தலைவர் முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. நாற்பத்தோரு கட்டிடங்களும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பது என்று. வரி மூன்று மடங்காகும், மறைக்கவில்லை. உங்களில் பலருக்கு விருப்பமில்லை என்பதும் தெரியும், வரும் வழியிலேயே இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள். யோசனை சொன்னவன் நான். பழைய பாக்கி கேட்டு வந்தால் என் வாசலுக்கு முதலில் வரட்டும். கடிகாரக்கார அண்ணனின் கூடுதல் வரியை முதல் மூன்று ஆண்டுகள் சங்கத்துக்கு நான் கொடுக்கிறேன். அவர் செருப்புக்கு நான் பட்ட கடன் அது.

தலைவர் அவர்கள் தெரு வரிசைப்படி ஒவ்வொரு கடைக்காரரையும் அழைப்பார். ஒரே கேள்வி கேட்பார். அன்று அந்த அதிகாரி கேட்ட அதே கேள்வி. தெருவின் முதல் கட்டிடம் என்னுடையது. ஆகவே முதல் பதிலும் என்னுடையது. தம்பி, இந்தப் பக்கம் பார். நன்றாகக் கேட்டுக்கொள்.

இருக்காங்க. மேல எட்டு, கீழ நாலு. பன்னிரண்டு பேர் இருக்காங்க.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், ஏணியை மறித்த அந்தக் கைகளுக்கும் நன்றி சொல்லி, அடுத்த கடைக்கு வழிவிட்டு இறங்குகிறேன். வணக்கம்.