கை எட்டாத இடத்தில் ஒரு மீன்

பச்சை குத்திய தோலைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர்தான் நல்லது, மேடம். உங்கள் வீட்டில் யாராவது குத்திக்கொண்டால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாசனைச் சோப்பு ஆகாது. துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். களிம்பைப் பட்டும் படாமலும் போட வேண்டும். அப்பிவிட்டால் தோல் ஊறிப்போகும். இதெல்லாம் பச்சை குத்தியவர் எனக்குப் போனில் சொல்லிக்கொடுத்தது. நான் ஒன்றையும் மறக்கவில்லை. பாவம், விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். அம்மா போனபோது அவள் இடுப்பில் வைத்துத் தூக்குகிற குழந்தை. நான் படிப்பை விட்டுவிட்டுத் தையல் கடைக்குப் போனேன். தைத்த துணியைப் பிரித்து அளவு மாற்றிக் கொடுப்பது என் வேலை, இன்றைக்கும் அதுதான். கல்யாணம் காட்சி என்று நான் எதையும் நினைக்கவில்லை. அவளைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தேன் என்று அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வேறு நகரத்தில் பெரிய நீச்சல் குளத்தில் வேலை கிடைத்ததையும், முதுகின் நடுவில் மீன் குத்திக்கொண்டு வந்ததையும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். இரண்டுக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இது ஆறுற வரைக்கும் தண்ணியில இறங்கக் கூடாதாம். ஆறினதும் கிளம்பிடுவேன்க்கா. அதுவரைக்கும் நீதான் மருந்து போடணும். எனக்குக் கை எட்டாது."

சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து தலை வாரிவிடக்கூட என்னை விடாதவள். மீனைச் சுற்றி உள்ளங்கையை வைத்தேன். தோல் சூடாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

முதலில் சொன்னது சொன்னபடிதான் செய்தேன். ஆனால் அவளுடையது நீச்சல்காரியின் உடம்பு. எதையும் சீக்கிரம் சரிசெய்துகொள்ளும். மீனின் மேல் மெல்லிசாகப் பொருக்குத் தட்டி, ஓரங்களில் உதிரவும் ஆரம்பித்தது.

"ஆறிடுச்சாக்கா?"

"எங்கே ஆறுது. வால் பக்கம் இன்னும் ஈரமாத்தான் இருக்கு."

அப்போது அது பொய். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, மேடம். அதனால் சொன்னதை உண்மையாக்கினேன்.

தையல் பிரிக்கிற சின்னக் கத்தி என் பையில் எப்போதும் இருக்கும். துணிக்கு ஒன்றும் ஆகாமல் நூலை மட்டும் எடுப்பதில் எனக்குக் கடையில் நல்ல பெயர். பொருக்கைத் தூக்குவது அதைவிடச் சுலபம். அவள் தோளைக் குலுக்கினாள். பஞ்சு ஒட்டிக்கொண்டது, அசையாதே என்றேன்.

"நீ என்னைத் துடைக்கிறியா, இல்ல பிரிச்சு அளவு குறைக்கிறியா?"

இரண்டு பேரும் சிரித்தோம். நன்றாகச் சிரித்தோம்.

குளத்துக்காரர்கள் வேலையில் சேரத் தவணை கொடுத்தார்கள். அவள் போனில் அவர்களிடம் கெஞ்சுவது சமையலறைக்குக் கேட்கும். எனக்கு மனசு கேட்காமல் இரண்டு நாள் ஒழுங்காக மருந்து போட்டேன். உடனே மறுபடியும் ஆற ஆரம்பித்தது. அதன் பிறகு களிம்பை அப்பி, பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றினேன். பாத்திரம் துடைக்கிற துணியால் ஒற்றினேன். வீட்டுக்கு வந்த காவலரிடம், அவசரத்தில் அதுதான் கைக்குக் கிடைத்தது என்று சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். சுத்தமான துணி பக்கத்திலேயே மடித்து வைத்திருந்தது.

சிவந்தது, வீங்கியது, பிறகு வாடை வந்தது. காய்ச்சலும் வந்தது. டாக்டரிடம் போகலாம் என்றாள். போனால் ஊசி போட்டு ஆற்றிவிடுவார்கள். ஆகவே நான் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. ஆறிக்கொண்டிருந்தபோது ஆறவில்லை என்று சொன்னவள், அழுக ஆரம்பித்தபோது நன்றாக ஆறுகிறது என்றேன். அவள் நம்பினாள். கண்ணாடியைத் தேடவில்லை. அக்கா இருக்கும்போது கண்ணாடி எதற்கு என்பாள்.

ஒரே ஒரு தடவை, போட்டோ எடுத்துக் காட்டு என்றாள். ஆரம்பத்தில் எடுத்த படம் என் போனில் இருந்தது. மீன் பளிச்சென்று, செதில் செதிலாகத் தெரியும். முதுகுக்குப் பின்னால் நின்று படம் எடுப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, அந்தப் பழைய படத்தைக் காட்டினேன். பச்சை குத்தியவருக்கும் அதையே அனுப்பினேன். பிரமாதமாக ஆறுகிறது, கவலைப்படாதீர்கள் என்று அவர் பதில் போட்டார். பாவம், இன்றைக்கு அந்தப் பதிலை வைத்துத்தான் அவரை மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

"நல்லாத்தானே இருக்கு. அப்புறம் ஏன்க்கா இப்படி வலிக்குது?"

"காய்ச்சல் உடம்பு. தொட்டதெல்லாம் வலிக்கத்தான் செய்யும்."

கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். கஞ்சி ஊட்டினேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன். என் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். விழித்தபோது, "நீ மட்டும் இல்லன்னா நான் என்னக்கா ஆகியிருப்பேன்" என்றாள். நான் நெற்றித் துணியைத் திருப்பிப் போட்டேன். மாடி வீட்டு அம்மா அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டு ஓடி வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். நான் கூப்பிடவில்லை. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, நர்ஸ் அவளைக் குப்புறத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கீழே குனிந்துகொண்டேன். மறுநாள் அவள் கண்ணை மூடிவிட்டாள்.

காலையில் என்னையறியாமல் இன்னும் தண்ணீர் வைக்கிறேன். நாற்காலி திருப்பிப் போட்டபடியே இருக்கிறது. அதன் முதுகைத் தொட்டால் சூடாக இருக்கிறது, மேடம். கையை எடுத்தால் விரலில் ஈரம் தெரிகிறது. துடைத்தாலும் போவதில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். பச்சை குத்தியவரின் கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். அவர் மனைவி தையல் கடைக்கு வந்து, ஒவ்வொருவருக்கும் புது ஊசிதான் எடுப்பார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குத் தெரியும் என்றேன். அந்த அம்மாவுக்காக இரக்கப்பட்டு வந்திருக்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் இங்கே நடந்து வரும்போது அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் வழியெல்லாம் எனக்கு வேறு ஒன்றுதான் உறுத்தியது. அவர் அவளைத் தொட்டது ஒரே ஒரு மத்தியானம். அவர்தான் அவளைக் கொன்றார் என்று தெருவில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அவளுக்குச் சோறு ஊட்டியதிலிருந்து எல்லாம் நான் செய்தது. கொன்றதும் நான்தான். அதைப் போய் வேறொருவர் செய்ததாகச் சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை.