ஒரு நகர்வுக்கு மூன்று நாள்

பால் இல்லாத இந்தத் தே ஓவில் சீனி கொஞ்சம் தூக்கல், மேடம். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். காகிதக் கோப்பையில் கொடுத்ததும் நல்லதாகப் போயிற்று. பீங்கான் என்றால் என் கை நடுக்கத்தில் தட்டோடு மோதிச் சத்தம் போட்டிருக்கும். எதிரில் ஒருவர் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு இப்படி ஆகும். பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. உங்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைத் திருத்திவிட வேண்டும். வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் இருக்கும் எங்கள் செஸ் சங்கத்து லோகன் உங்களிடம் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். இந்தக் குகன் கம்ப்யூட்டரைப் பார்த்துச் செஸ் ஆடுகிற கள்ளாட்டக்காரன், அதனால்தான் அவனுக்கு ஆன்லைனில் 2087 ரேட்டிங், நேரில் ஆடும் அதிகாரப்பூர்வ ரேட்டிங் வெறும் 1493 என்றிருப்பான். ஆட்டத் திறமையை அளக்கிற அந்த எண்கள் இரண்டும் சரி. மற்றது அவதூறு. நான் ஒரு நாளும் கம்ப்யூட்டரைக் கேட்டுக் காயை நகர்த்தியதில்லை. நானாக யோசித்து எடுத்த முடிவு சரிதானா என்று மட்டும் அதனிடம் கேட்பேன். தப்பு என்று அது சொன்னால் மறுபடியும் யோசிப்பேன். தெலுக் பங்லிமா காராங்கில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. சரிபார்ப்பதற்கும் ஏமாற்றுவதற்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை.

நான் ஆடுவது அந்தக் காலத்துத் தபால் ஆட்டம்தான். இப்போது இணையத்தில் ஆடுகிறோம். ஒரு நகர்வுக்கு மூன்று நாள் அவகாசம். அதற்குள் நகர்த்தாவிட்டால் தோல்வி. எதிராளி எங்கோ இருப்பான், என் கையை அவன் பார்ப்பதில்லை. கிள்ளானில் என் அறையில் சாரத்தைக் கட்டிக்கொண்டு நிதானமாக யோசிப்பேன். அங்கே நான் நல்ல ஆட்டக்காரன், மேடம். நிஜமாகவே.

போட்டி மண்டபத்தில் அப்படியில்லை. எதிரில் இருப்பவன் மூச்சு விடுவது காதில் கேட்கும். பக்கத்தில் கடிகாரம் ஓடும். ஒரு காயைத் தொட்டுவிட்டால் அதையே நகர்த்தியாக வேண்டும் என்பது சட்டம். பயத்தில் என் கை எதையாவது தொட்டுவிடும். தப்பு என்று தெரிந்தே நகர்த்துவேன்.

எங்கள் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்துக்கு மேல் மாடியில் இருக்கிறது. தலைவர் சுகுமாறன் அண்ணன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொட்ட காய் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. போன மாதம் வட்டாரப் போட்டிக்கு அணி எடுக்கும்போது, முதல் பலகையில் நான் ஆடுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். லோகன் சும்மா இருப்பானா.

"இன்டர்நெட்டுல புலி, இங்க வந்தா எலி. உங்கள முதல் போர்டுல உக்கார வெச்சா நம்ம மானம் கப்பலேறிடும் லா, அண்ணே. அந்த 2087 உங்களுதா, கம்ப்யூட்டரோடதா?"

எல்லாரும் சிரித்தார்கள். சுகுமாறன் அண்ணன் சிரிக்கவில்லை.

"சும்மா இரு லா, லோகன். ரெண்டு ரேட்டிங்கையும் பக்கத்துல வெச்சுக் கழிச்சுப் பாக்கறதே முட்டாத்தனம். செருப்பு சைசையும் சட்டை சைசையும் ஒப்பிடுற மாதிரி. அங்க ஆடுற கூட்டம் வேற, இங்க ஆடுற கூட்டம் வேற. அங்க யோசிக்க மூணு நாளு, இங்க ஒன்றரை மணி நேரம். எப்படிடா ஒண்ணா இருக்கும்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "குகா, சீனப் பெருநாள் லீவு முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை, எல்லார் முன்னாலயும் என்கூட ஒரு ஆட்டம் ஆடு. இவனுங்க வாய அடைச்சுடலாம்."

கை தட்டினார்கள். அவர் எனக்காகப் பேசினார் என்று நீங்கள் நினைப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தோற்றால் 2087 பொய் என்றாகிவிடும். என் பெயரோடு சேர்ந்திருக்கிற ஒரே நல்ல விஷயம் அந்த எண், மேடம். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. வேலையிலும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தொழிற்சாலையில் கையுறையை ஊதிப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கண் முன்னால் வரும்.

சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் போன் பண்ணி வரச் சொன்னார். அச்சகத்தைச் சாத்திவிட்டு முதலாளி ஊருக்குப் போய்விட்டார். அவர் மனைவி தாமரை அண்ணி மகளின் பிரசவத்துக்காக ஈப்போவில் இருந்தார். மாடியில் நாங்கள் இருவர்தான்.

"ஆள் இல்லாத நேரம்டா. இப்பவே ஒரு ஆட்டம் ஆடிப் பாப்போம். உனக்குப் பயம் தெளிஞ்சிரும். இரு, கிளாக் எடுத்துட்டு வர்றேன்" என்று சாமான் அறைக்குள் போனார்.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. முன்பு கடிகாரங்கள் களவு போனதால் இரும்புக் கதவு போட்டிருந்தோம். கொண்டியில் பூட்டு திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது, சாவி அதிலேயே இருந்தது. அவர் உள்ளே அலமாரியை உருட்டும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து என் எதிரில் உட்காருவார், கடிகாரத்தை அமுக்குவார். என் கை போய் அந்தப் பூட்டைத் தொட்டுவிட்டது. தொட்டால் நகர்த்தியாக வேண்டும். அதைப் படித்துப் படித்துச் சொன்னவர் அவர்தானே.

முதலில் அவர் சிரித்தார். "டேய் குகா, விளையாடாதடா." பிறகு கதவைத் தட்டினார். பிறகு குரல் மாறியது. "குகா, என் ஊசி வெளிய பைக்குள்ள இருக்குடா. மத்தியான ஊசி போடணும்."

அவருக்கு இனிப்புநீர், நேரத்துக்கு இன்சுலின் போட வேண்டும். பை மேசை மேல் இருந்தது, போனும் அதன் பக்கத்தில். இரண்டையும் நான் தொடவில்லை. நான் திருடன் இல்லை. அறை விளக்கின் சுவிட்ச் வெளியேதான் இருக்கிறது, அதையும் அணைக்கவில்லை. ஒரு மனிதரை இருட்டில் விட்டுப்போக நான் என்ன மிருகமா. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்துவிட்டேன்.

ரயிலில் போன் அதிர்ந்தது. நானும் அண்ணனும் இணையத்தில் ஒரு தபால் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தோம், எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். அவரைப் பார்க்கப் போகும் வழியில்தான் நான் நகர்த்தியிருந்தேன். இப்போது அவர் முறை, நகர்த்த மூன்று நாள் இருக்கிறது என்று திரையில் காட்டியது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. அவருக்கு மூன்று நாள் இருக்கிறதென்றால் எனக்கும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் யோசித்து நல்ல முடிவாக எடுக்கலாம். அவசரப்பட்டால்தான் நான் தப்பு செய்வேன்.

யோசித்தேன், மேடம். சத்தியமாக யோசித்தேன். கதவைத் திறந்தால் முதலில் என்ன நடக்கும்? அவர் வெளியே வந்து என் முகத்தைப் பார்ப்பார். அதற்கு மேல் என்னால் கணக்குப் போட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நேரம் போகப் போக அந்த முகம் இன்னும் மோசமாகத் தெரிந்தது. முதல் நாள் திறந்திருந்தால் ஒரு அறை அறைந்திருப்பார், அவ்வளவுதான். மறுநாள் அப்படி விடமாட்டார்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போகாமலும் இல்லை. பாதிப் படி ஏறினேன். தெருக்கோடியில் சிங்க நடனக்காரர்கள் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள், பட்டாசு வேறு. மேளம் நின்றபோது மேலே இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. ஓங்கித் தட்டவில்லை. விட்டு விட்டு, பக்கத்து வீட்டில் தேங்காய் உடைப்பதுபோல இருந்தது. சாவி கையில்தான் இருந்தது. இன்னும் நேரம் இருக்கிறதே என்று இறங்கிவிட்டேன்.

அன்று சாயந்திரம் தாமரை அண்ணி கூப்பிட்டார்.

"குகன், அவர் போனே எடுக்க மாட்டேங்கிறாரு. நீ பாத்தியா தம்பி? ஊசி போட்டாரா என்னன்னு தெரியல. எனக்கு நெஞ்செல்லாம் அடிச்சிக்குது."

"நேத்து பாத்தேன் அண்ணி, நல்லாத்தான் இருந்தாரு. கேரி தீவுல பழைய கூட்டாளி வீட்டுக்குப் போறேன்னாரு. அங்க லைன் கிடைக்காதுல்ல. பெருநாள் முடிஞ்சதும் வந்துருவாரு."

"அப்படியா? உன்கிட்டயாவது சொல்லிட்டுப் போனாரே. நீ நல்லா இருக்கணும்யா" என்றார். அவர் அழுதது போனில் கேட்டது. எனக்கும் கண் கலங்கியது. அவருக்கு அப்போது தேவைப்பட்டது ஆறுதல், அதை நான் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவகாசம் முடிந்தது. நீங்கள் வென்றீர்கள் என்று திரையில் வந்தது. 2087 என்பது 2094 ஆனது. பயம் அப்படியே வடிந்துவிட்டது, மேடம். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். இனி அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை. லீவு முடிந்து கதவை உடைத்தது லோகன் என்று சொன்னார்கள். நல்ல வேளை, நான் அதைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆமாம், நான்தான் பூட்டினேன். அவர் உயிரோடு இருந்த நேரம் முழுக்க சாவி என்னிடம்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சாமான் அறையில் எடுத்து நீங்கள் மேசையில் வைத்திருக்கும் இந்தப் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

அலமாரியிலிருந்த சதுரங்கப் பலகையை இறக்கித் தரையில் வைத்து, எங்கள் தபால் ஆட்டத்தை அவர் அப்படியே அடுக்கியிருக்கிறார். பாருங்கள், நான் சொன்ன அந்தக் கூடுதல் சிப்பாய் இதோ. இங்கே அவருடைய ராஜா சாய்ந்து கிடக்கிறது. கடைசியில் அவர் விழுந்தபோது கை பட்டுச் சாய்ந்திருக்கும் என்கிறீர்கள். உங்களுக்குச் சதுரங்கம் தெரியாது. ராஜாவைச் சாய்ப்பது என்றால், நீ என்னை ஜெயித்துவிட்டாய் என்று எதிராளி ஒப்புக்கொள்வது.

இணையத்தில் நேரம் முடிந்ததால் வெற்றி என்று போட்டிருக்கிறார்கள். அது சரியில்லை. அவர் நிஜப் பலகையில், நிஜக் காய்களை வைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டிருக்கிறார். இதை என் அதிகாரப்பூர்வ ரேட்டிங்கில், அந்த 1493இல் சேர்க்க யாருக்கு எழுத வேண்டும், மேடம்?