பாட்டை நிறுத்தாதே, ஜூலி

ஹலோ… ஹலோ, ஜூலியா? ஜூலி, நான்தாம்மா, ஹெர்பர்ட் சித்தப்பா. … கேக்குது, கேக்குது, சொல்லு. … என்ன ஆச்சு, ஏன் எல்லாரும் கத்துறாங்க? … பாட்டு நின்னுடுச்சா? ஏன் நின்னுச்சு? … என் போனாலயா?

அய்யய்யோ. உன் போன்லதான் பாட்டு ஓடிட்டிருந்துச்சா. நான் கூப்பிட்டதும் கட்டாயிடுச்சா. … சரி, சரி, பார்சல் யார் கையில நின்னுச்சு? … எதிர்வீட்டு வீணா கையிலயா. பிரிச்சிட்டாளா? … பிரிச்சு, சீட்டையும் படிச்சிட்டாளா? என்ன சீட்டு? … பக்கத்துல இருக்கிறவங்க மாதிரி நடந்து காட்டணும். ஆங், அது பரவாயில்ல. பரவாயில்லம்மா. இப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

இப்ப மேல என்ன பேப்பர் தெரியுது? … எட்டிப் பாத்துச் சொல்லு கண்ணு. பூப்போட்ட பேப்பரா, இல்ல காலண்டர் பேப்பரா? … காலண்டரா. நல்லாப் பாத்தியா? … கெட்டுது போ. அதான் கடைசி.

ஜூலி, நான் சொல்றதைக் கேளு. என் குரல் அந்த ஸ்பீக்கர்ல வருதா? … கனெக்ஷனை எடுத்துட்டியா. நிச்சயமா? … சரி. உன் வீட்டுக்காரர் போனை வாங்கி அதுல பாட்டைப் போடு. உடனே. … ஏன் எதுக்குன்னு கேக்காத, போடு முதல்ல. பாட்டு ஓடற வரைக்கும் பார்சல் கை மாறிட்டே இருக்கும், யாரும் பிரிக்க முடியாது. … போட்டியா? … ஆங், கேக்குது. அப்பாடி. நான் அங்க வர்ற வரைக்கும் பாட்டை நிறுத்தாத.

… எங்கயா? அல்சூர் ஏரிகிட்ட. ஆட்டோல. … சனிக்கிழமை அரை நாள்னு பேருதான், அடுகோடில இருந்து கிளம்பவே ரெண்டே முக்கால் ஆயிடுச்சு. … இருபது நிமிஷம், இருபத்தஞ்சு நிமிஷம். … தெரியும்மா, எந்தப் பாட்டும் இருபத்தஞ்சு நிமிஷம் ஓடாது. முடிஞ்சா மறுபடியும் அதுவே வர்ற மாதிரி ஒண்ணு இருக்குமே, வளைஞ்ச அம்புக்குறி… அதான், ரிப்பீட். அதை அமுக்கு.

சார், ஸ்வல்ப பேக ஹோகி சார். … உன்னை இல்லம்மா, டிரைவரை. கொஞ்சம் வேகமாப் போகச் சொன்னேன். போறாரா பாரு. எல்லாரும் கேக்கு வாங்க இன்னிக்கேதான் வண்டியை எடுத்துட்டுக் கிளம்பணுமா.

… உள்ள என்ன இருக்கா? ஒண்ணும் இல்லம்மா. சீட்டு மாறிப்போச்சு, அவ்வளவுதான். … என்ன சீட்டுன்னா… கரண்ட் பில். ஆமா, கரண்ட் பில் தவறி உள்ள போயிடுச்சு. … சிரிக்காத. … சரி, கரண்ட் பில் இல்ல. டாக்டர் எழுதிக் கொடுத்தது. எனக்கு மூலம். போதுமா? உங்க வீட்டு ஹால்ல நாப்பது பேர் நடுவுல அதைச் சத்தமாப் படிக்கணுமா?

… சித்தி உன்கிட்ட போன வாரம்தான் சொன்னாளா, எனக்கு ஷுகரைத் தவிர ஒண்ணும் இல்லைன்னு. ஜோசஃபினுக்கு வாய் சும்மாவே இருக்காது.

இப்படிப் பண்ணு. பார்சல் போதும், வேற கேம் ஆடலாம்னு சொல்லு. நம்பர் கூப்பிட்டு அடிக்கிற ஹௌசி போடு. டிக்கெட்டு எல்லாம் சித்தியோட பச்சைப் பையில இருக்கு. … ஆடியாச்சா. மியூசிகல் சேர்? … அதுவும் ஆச்சா. சேர் உடைஞ்சுபோச்சா? யாரு உக்காந்தது? … வேணாம், அப்புறம் சொல்லு. பலூன் உடைக்கிறது? கண்ணைக் கட்டிவிட்டு கிறிஸ்மஸ் தாத்தாவுக்குத் தாடி ஒட்டுறது? … பசங்க விட மாட்டாங்களா. ஆமா, கடைசிப் பேப்பர்னு தெரிஞ்சுபோச்சு, உள்ள கிஃப்ட் இருக்கும்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே எங்க விடும் அதுங்க.

கேக் வெட்டலாம்னு அப்பாகிட்ட சொல்லேன். … தெரியும், உங்க அப்பா ஆரம்பிச்சதை முடிக்காம எழுந்திருக்க மாட்டாரு. … சரி, மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிடு. இருட்டுல நீ போய் எடுத்து… … ஆமா, மணி மூணரை. வெயில் அடிக்குது. எனக்கு மூளையே வேலை செய்யல ஜூலி.

நீயே போய்ப் பிடுங்கிடேன். … என்ன, எனக்கே ரூல் சொல்றியா? இருபது வருஷமா கிறிஸ்மஸுக்கு அந்தப் பார்சலைச் சுத்திக் கொடுக்கிறவன் நான். பாட்டு நிக்கறப்ப யார் கையில இருக்கோ அவங்க பிரிக்கணும், உள்ள இருக்கிற சீட்டைச் சத்தமாப் படிக்கணும், எழுதியிருக்கிறபடி செய்யணும். அத்தனையும் நான் போட்ட ரூல். அதான் இப்ப என் கழுத்துக்கு வந்து நிக்குது.

… சித்திகிட்ட சொல்லவே சொல்லாத. அவளுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது.

… அதில்லம்மா. … அதில்ல. … நீ இப்படிக் கேட்டா நான் என்ன பண்ணுவேன். … சொன்னாத்தான் செய்வியா. … நிறுத்திடுவேன்னு பயமுறுத்தாத. சொல்றேன். சொல்றேன், அந்த போன்ல இருந்து விரலை எடு.

அது உங்க அப்பாவுக்கு நான் எழுதின லெட்டர்.

… ஆமா, அப்பாவுக்கு. பார்சலுக்குச் சீட்டு எழுதின அதே நோட்டுப் பேப்பர்லதான் எழுதினேன். நாலா மடிச்சேன். சீட்டும் நாலா மடிச்சதுதான். லெட்டரைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டோம்னு நினைச்சு வேலைக்குப் போயிட்டேன், சித்தி காலையிலயே பார்சலை எடுத்துட்டு அங்க வந்துட்டா. இப்ப ஆட்டோல ஏறி எடுத்துப் பாக்கறேன், ஒத்தைக் கால்ல நின்னு சேவல் மாதிரி கூவணும்னு இருக்கு. உடனே உனக்குப் போன் போட்டேன்.

… என்ன எழுதினேன்னா…

… லைன்லதான் இருக்கேன். கொஞ்சம் இரு.

உங்க அப்பா பத்தொன்பது வருஷம் சர்ச் பாட்டுக் குழுவுக்குக் கொயர் மாஸ்டரா இருந்தாரில்ல. அப்புறம் பாஸ்டருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்துச்சே. பிராக்டிசுக்குக் குடிச்சிட்டு வர்றாரு, பசங்களை அடிக்கிறாருன்னு. கமிட்டில கூப்பிட்டு, போதும் விலகிக்குங்கன்னுட்டாங்க. … ஆமா, ஏழு வருஷம். … க்ளென்தான் எழுதினான்னு அப்பா முடிவே பண்ணிட்டாரு. அவன் டிடிபி கடை பிரிண்டர்ல ஓரமா ஒரு கறுப்புக் கோடு விழும், அந்தக் கோடு கடுதாசியில இருந்துச்சுன்னு. சர்ச்ல ஆர்கன் வாசிக்கிறவன், தினமும் உங்க வீட்ல காபி குடிக்கிறவன், அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னுட்டாரு.

க்ளென் எழுதலம்மா.

… ம்.

… ம். நான்தான்.

ஹலோ? … ஜூலி, இருக்கியா? பாட்டு ஓடுதில்ல? … ஓடுது.

… ஏன்னு கேட்டா நான் என்ன சொல்றது. அந்த வருஷம் கிறிஸ்மஸ் ஆராதனையில தனியாப் பாடறதை எனக்குத் தரேன்னு சொல்லியிருந்தாரு. பிராக்டிஸ்ல ஒரு இடத்துல சுருதி இறங்கிடுச்சு. முப்பது பேர் முன்னாடி, உனக்கு எதுக்குடா இந்த ஆசைன்னாரு. கூடப் பொறந்த அண்ணன். … தெரியும்மா. அதுக்காக அப்படிப் பண்ணலாமான்னு நீ கேக்கறது சரிதான். ரெண்டு நாள் கோவம் ஜூலி, வெறும் ரெண்டு நாள். மூணாவது நாள் கோவம் போயிடுச்சு. அதுக்குள்ள கடுதாசி போய்ச் சேந்துடுச்சு.

… க்ளெனுக்குத் தெரியும். அவன் கடையில, அவன் கம்ப்யூட்டர்ல உக்காந்துதானே அடிச்சேன். பிரிண்ட் வந்ததும் அவன்தான் எடுத்து என் கையில கொடுத்தான். படிக்காமயா இருந்திருப்பான். … சொல்லல. அவன் ஒரு வார்த்தை சொல்லல, அதான் என்னைக் கொல்லுது. போன வாரம் கோல்ஸ் பார்க்கிட்ட பாத்தேன். அண்ணா எப்படி இருக்காரு, இப்ப பாடுறாரான்னு கேட்டான். செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. அதான் இந்த வருஷமாவது கொடுத்திடலாம்னு எழுதினேன்.

… தெரியும்மா. உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கறப்ப உன்னைக் கையில வாங்கினவன் அவன். … கல்யாணத்துக்குக் கூப்பிடல, தெரியும். … என்னது? வந்திருந்தானா? … சர்ச்சுக்கு எதிர்ல, பஸ் ஸ்டாப்லயா. … எனக்குத் தெரியாது ஜூலி, சத்தியமாத் தெரியாது. … நீ கார்ல இருந்து பாத்தியா. கோட்டு போட்டுட்டு நின்னானா. … அழாதம்மா. நீ அழுதா எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

நான் நேர்ல வந்து சொல்றேன். இன்னிக்கே சொல்றேன். எல்லாரும் கிளம்பினப்புறம் அண்ணாவைத் தனியா மாடிக்குக் கூட்டிட்டுப் போய்… … போன வருஷமும் எழுதினேன். … கிழிச்சிட்டேன். … அதுக்கு முந்தின வருஷமும். … ஆமா, அதையும்தான். இந்தத் தடவை கிழிக்க மாட்டேன், என்னை நம்பு.

… எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன் ஜூலி. ஞாயித்துக்கிழமை ஆனா, டேய் ஹெர்பர்ட், மட்டன் வாங்கிட்டேன் வான்னு போன் பண்ணுவாரு. அந்தக் குரலைக் கேக்காம என்னால இருக்க முடியாது. அதுக்குப் பயந்துதான் ஒவ்வொரு வருஷமும் கிழிச்சேன்.

ஜூலி? … பார்சல் யார்கிட்ட போகுது? … சித்திகிட்டயா. … அதை நீ ஏன் பாக்கற? பாட்டுப் போடறவங்க முதுகைக் காட்டி நிக்கணும், பாக்கக் கூடாது. திரும்பி நில்லும்மா. … இப்ப பக்கத்துவீட்டு வள்ளியம்மா கையிலயா. … வள்ளியம்மாவுக்கு அந்தப் பக்கம் யாரு?

… அப்பாவா.

வேணாம்மா. வேணாம், வேணாம். ஜூலி, உன் கால்ல வேணா விழறேன். சின்னப் புள்ளையில உன்னைத் தோள்ல வெச்சுத் தூக்கிட்டுத் திரிஞ்சவன்டி நான். இன்னும் ஒரே ஒரு சுத்து விடு, ஒரே ஒரு…

… பாட்டு நின்னுடுச்சு.

கை தட்டுறாங்க. எனக்குக் கேக்குது. … ஏம்மா இப்படிப் பண்ணிட்ட.

… பிரிச்சிட்டாரா? … முகம் எப்படி இருக்கு? … என்ன தேடுறாரு? … கண்ணாடியா? மாடியில வெச்சிட்டாரா? … அப்ப யாரு படிக்கப்போறா? … நீயா? உன்னையா படிக்கச் சொல்றாரு? உன் கையிலயா கொடுத்துட்டாரு?

கர்த்தாவே, உமக்கு ஸ்தோத்திரம். ஜூலி, கண்ணு, தப்பிச்சோம். ஒத்தைக் கால்ல நின்னு சேவல் மாதிரி கூவணும், அதைச் சொல்லு, போதும். எல்லாரும் சிரிப்பாங்க, முடிஞ்சுபோயிடும். மீதியை நான் பாத்துக்கறேன். … சொல்லும்மா. … சொல்லேன், எல்லாரும் காத்துட்டிருக்காங்கல்ல.

… என்ன சொல்ற? சித்தப்பா எழுதினது, அவரே படிப்பாருன்னா… யார்கிட்ட சொல்ற அதை? போனை யார்கிட்ட கொடுக்கற? ஜூலி, கொடுக்காத. ஜூலி…

…

அண்ணா.

… ஆமாண்ணா, நான்தான். … வந்துட்டே இருக்கேன். … டிராஃபிக்தான். … பிரியாணி எடுத்து வெச்சிருக்கீங்களா. சரிண்ணா. … ஆமா, நான் எழுதின சீட்டுதான். … ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா? … காதுலதான் வெச்சிருக்கீங்களா. சரி. … இல்லண்ணா, டான்ஸ் எல்லாம் இல்ல. … பாடவும் வேணாம். … சிரிக்காதீங்கண்ணா. கொஞ்சம் சிரிக்காமக் கேளுங்க.

சார், ஒந்து நிமிஷ சார், ஹார்ன் மாட்பேடி. … ஒண்ணும் இல்லண்ணா, டிரைவரை ஹார்ன் அடிக்காதீங்கன்னேன்.

… சொல்றேன். … சொல்றேண்ணா.

பாஸ்டருக்குப் போச்சே ஒரு மொட்டைக் கடுதாசி. அதை எழுதினது க்ளென் இல்லண்ணா. நான் எழுதினேன்.

… ஆமா.

… விளையாட்டு இல்லண்ணா. சீட்டுல அதான் இருக்கு. கண்ணாடி போட்டுப் படிச்சுப் பாருங்க, என் கையெழுத்துதான்.

… யாரும் தூண்டிவிடல. நானேதான். … குடிக்கிறீங்கன்னு எழுதினதும் நான்தான். … தெரியும். நீங்க தொட்டதே இல்லைன்னு தெரியும், தெரிஞ்சேதான் எழுதினேன்.

… அவனுக்குத் தெரியும். … இல்ல. யார்கிட்டயும் சொல்லல.

… அண்ணா?

… அண்ணா, திட்டுங்க. நாலு வார்த்தை நல்லாத் திட்டிடுங்க.

… எந்த நம்பர்? … க்ளென் நம்பரா. … இருக்கு, என்கிட்ட இருக்கு. … நீங்க அழிச்சிட்டீங்களா. … சொல்றேன், ஜூலியை எழுதிக்கச் சொல்லுங்க. தொண்ணூத்தெட்டு… நாப்பத்தஞ்சு… … ஆமா, நாப்பத்தஞ்சு. … … … கடைசியில ரெண்டு ஏழு. … பழைய நம்பர்தாண்ணா. மாத்தவே இல்ல.

… அண்ணா, நான் வரட்டுமா? இன்னும் ஏரிகிட்டதான் நிக்கறேன். ஆட்டோவைத் திருப்பச் சொல்லட்டுமா, வரட்டுமா? … நீங்க சொல்றபடி செய்யறேண்ணா. … வரட்டுமா?

ஹலோ? … ஹலோ?