ஒரு கைக்கான பிரஷ்

ஒரே கையால் சோப்புப் போட்டுக் குளிக்க முடியாது. நம்பிக்கை இல்லையென்றால் இன்று வீட்டுக்குப் போனதும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முயன்று பாருங்கள், மேடம். சோப்பு வழுக்கி ஓடும். அதைக் குனிந்து எடுப்பதற்குள் போட்ட நுரை காய்ந்துவிடும். எப்படியோ சமாளித்து உடம்பெல்லாம் தேய்த்து முடித்தாலும் ஒரு இடம் மிச்சமிருக்கும். அந்த இடது கையேதான். தன்னைத்தானே தேய்த்துக்கொள்ள எந்தக் கைக்கும் வராது.

அதற்காகத்தான் அந்தப் பிரஷ்ஷைச் செய்தேன். உங்கள் மேசையில் பாலிதீன் கவரில் கிடக்கிறதே, அதுதான். என் மைத்துனி லிண்டா அதை இங்கே கொண்டுவந்து கொடுத்துப் புகாரும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். விசாரித்துப் பார்த்ததில், குறைபாடுள்ள கருவியால் நேர்ந்த விபத்து என்று முடிவாகிவிட்டதாக உங்கள் ஏட்டையா நேற்று ஆறுதலாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைத் திருத்தத்தான் சாந்தோமிலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறேன். அந்தப் பிரஷ்ஷில் குறைபாடு எதுவும் கிடையாது.

என் பெயர் ராஜநாயகம். பாலிடெக்னிக் பட்டறையில் மாணவர்களுக்குக் கைவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இறந்துபோன ஐரின் என் மனைவி. கான்வென்ட்டில் கணக்கு டீச்சராக இருந்தாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. நாங்கள் சண்டை போட்டதே இல்லை என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பேசிக்கொண்டால்தானே சண்டை வரும். அவள் "ஏங்க" என்பாள். நான் பேப்பரைத் தாழ்த்தாமலே "ம்" என்பேன். முப்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

அவளும் ரிட்டயர் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்து தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் லிண்டாகூடப் போய் இருக்கலாம்னு இருக்கேங்க. கோபம்லாம் ஒண்ணும் இல்ல. மிச்ச நாளாச்சும் நாலு வார்த்தை பேசிக்கிட்டு இருக்கலாமேன்னு."

நான் "ம்" என்றேன். லிண்டா பெசன்ட் நகரில், மாதா கோயிலுக்குப் பின்பக்கம் தனியாக இருக்கிறாள். பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம், அதிக தூரமில்லை. ஐரின் பெட்டியும் கட்டிவிட்டாள். கிளம்புவதற்குள் அவளுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு நல்லவேளையாகத் தப்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அந்தப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றி வைத்தவன் நான்தான்.

முதலில் ஜானு என்ற பெண் வந்து அவளைக் குளிப்பாட்டினாள். நல்ல பெண், வாய் ஓயாது. குளியலறைக்குள்ளிருந்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும். என் வீட்டில் ஐரின் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஒருநாள் ஜானுவை வாசலில் நிறுத்தி இனி வரவேண்டாம் என்றேன்.

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்? டீச்சர் எதுனா சொன்னாங்களா?" என்று அழாக்குறையாகக் கேட்டாள்.

டீச்சருக்கு வெட்கமாக இருக்கிறதாம் என்றேன். உள்ளே வந்து ஐரினிடம், ஜானுவுக்கு இந்த வேலை அருவருப்பாக இருக்கிறதாம், நின்றுவிட்டாள் என்றேன். ஐரின் அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். எதையும் மறைத்ததாக இருக்கக்கூடாது.

அதற்குப் பிறகு நான்தான் குளிப்பாட்டினேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், மேடம். இந்த வயதில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. "ஏங்க, தண்ணி சுடுது." "ஏங்க, காதுல போகுது." பல வருஷங்களில் கூப்பிடாத அளவுக்கு ஒரே குளியலில் கூப்பிடுவாள். நானும் பதில் சொல்வேன். முடிகிற வரைக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருப்பாள். நுரை படாமலிருக்க என்று நினைத்துக்கொள்வேன்.

லிண்டா பார்க்க வருவாள். வரும்போதெல்லாம், "இன்னிக்கே வந்துடு அக்கா, நான் பாத்துக்கறேன்" என்று ஒரே பிடிவாதம். ஒருநாள் காபியோடு போனபோது ஐரின் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"உன் முதுகு இருக்கிற நிலைமைக்கு நீ என்னைத் தூக்குவியா? இனிமே யார் கையும் என் மேல படவேணாம் லிண்டா. ஜானுவுக்கே அருவருப்பா இருந்துச்சாம். நானே குளிச்சுக்கற அன்னைக்கு வர்றேன். அது ஒண்ணு முடிஞ்சா போதும்."

பிறகு என்னைப் பார்த்துவிட்டாள். "ஏங்க, உங்களுக்குத்தான் கைவேலை வருமே. ஒத்தக் கையால குளிக்கிற மாதிரி ஏதாச்சும் செஞ்சு குடுங்களேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். எப்படி முடியாது என்பது?

பிரஷ்ஷுக்கு மிருதுவான முடி வேண்டுமென்று தி.நகர் கடைகளெல்லாம் ஏறி இறங்கினேன். கைப்பிடிக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் சோப்புத் தண்ணீர். கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால் முடிகளுக்கு நடுவே நுரை வரும், விட்டால் நின்றுவிடும். அதை நிறுத்துவது உள்ளே இருக்கிற சின்ன ரப்பர் வாஷர். சுவரில் ஒரு கொக்கியும் அடித்தேன். பிரஷ்ஷை அதில் செருகிவிட்டால், மிஞ்சுகிற அந்த இடது கையையும் அதன்மேல் வைத்துத் தேய்த்துக்கொள்ளலாம். என் வலது கையைக் கட்டிக்கொண்டு நானே குளித்துப் பார்த்தேன்.

முதலில் செய்த பிரஷ்ஷே சரியாக வேலை செய்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் பட்டறையில் ஊரான் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்துத்தான் செய்திருக்கிறேன். முழுக்க முழுக்க என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான். அதைத் துடைத்து, பிரித்து, வாஷரின் ஓரத்தை பிளேடால் சீவிவிட்டு அவளிடம் கொடுத்தேன்.

ஒழுகியது. "கொஞ்சம் பொறுத்துக்கோ, அடுத்தது சரியா வரும்" என்றேன். அடுத்ததும் ஒழுகியது. அதற்கு அடுத்ததும் ஒழுகியது. லிண்டாகூட ஒருநாள், "பாவம், மாமா ராப்பகலா இதுக்கே உக்காந்திருக்காரு" என்றாள். உட்கார்ந்திருந்தது நிஜம்தான்.

எங்கள் கோயிலில் பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு உண்டு. இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்துக் கழுவுவார். இந்த வருஷம் என்னையும் அழைத்திருந்தார். மனைவியைக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்கிற மனிதர் என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். என் முன்னால் மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றித் துடைத்து, குனிந்து பாதத்தை முத்தமிட்டார். ஐரின் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்தாள். எல்லோரும் காலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது கேட்டாள். "பட்டறையில அத்தனை பேருக்குச் சொல்லிக்குடுத்தவரு. ஒரு வாஷர் உங்களுக்கு வரலையா?"

நாற்காலியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினேன். கணக்கு டீச்சரிடம் என்ன சொல்வது?

"ஒழுகினா ஒழுகட்டும்" என்றாள். "ஈஸ்டர் பூசைக்கு நானே குளிச்சுட்டு வர்றேன். பூசை முடிஞ்சதும் லிண்டா காரோட வருவா. பெட்டியை இறக்கி வையுங்க."

இறக்கி வைத்தேன். தூசியும் தட்டினேன்.

ஈஸ்டர் பூசை சனிக்கிழமை ராத்திரியே என்பதால், அன்று மத்தியானம் அவள் குளிப்பதாக இருந்தது. காலையிலேயே குளியலறை ரப்பர் விரிப்பைக் கழுவி மொட்டைமாடியில் காயப்போட்டேன், அழுக்காக இருந்தது. பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீரோடு தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் விட்டேன், தோலுக்கு நல்லது. சீவிய வாஷரையும் எடுத்துவிட்டேன். கால் கொஞ்சம் வழுக்கும், பயந்துபோய்க் கூப்பிடுவாள், நான் உள்ளே போவேன். அவ்வளவுதான் நான் நினைத்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தேன். "கதவைச் சாத்துங்க" என்றாள். சாத்தினேன். துண்டோடு அங்கேயே நின்றேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் மெல்லிய குரலில் மாதா பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தாள். தனியாகக் குளிக்கிற சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது.

பிறகு நாற்காலி இழுபட்டது. பிரஷ் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் விழுந்தாள்.

நான் காத்திருந்தேன். உள்ளேயிருந்து முனகல் வந்தது, பிறகு குரல். "லிண்டா" என்றாள். இன்னொரு தரமும் "லிண்டா" என்றாள். லிண்டா பெசன்ட் நகரில் இருந்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். வாளி நிரம்பி வழிந்திருக்க வேண்டும், கதவுக்கு அடியில் நுரைத் தண்ணீர் வந்து என் பாதத்தை நனைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அது ஆறுகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன். அதன் பிறகு உள்ளே சத்தமே இல்லை.

உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் என் தோளைத் தொட்டுச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. விரிப்பை எடுத்தது, எண்ணெய் விட்டது, வாஷரைக் கழற்றியது, நின்றுகொண்டே இருந்தது, எல்லாம் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

புதிதாக ஒரு வாஷர் வெட்டி எடுத்து வந்திருக்கிறேன், இதோ. அந்தப் பிரஷ்ஷில் செருகித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஒரு சொட்டு ஒழுகாது. பார்த்துவிட்டு, குறைபாடுள்ள என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை. ஒரே ஒரு தரம் "ஏங்க" என்றிருந்தால் ஓடிப்போய்த் தூக்கியிருப்பேன். அவள்தான் கடைசி வரைக்கும் கூப்பிடவில்லை.