வியாழக்கிழமை கூட்டிருக்க ஒரு ஆள்

சமாஜத்துக்க ஆளாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா சமாஜத்துக்கிட்ட வந்து சொல்லணும், பிரிஜித்து மட்டும் என்ன, பாவசங்கீர்த்தனம் கேக்குத சாமியாரா, வெளிய சொல்லாம இருக்க. இதுதானே குமாரி சொன்னது? ஒரு எழுத்து நான் கூட்டல்ல, குறைக்கவும் இல்ல. அதுக்குப் போயி நீ பையத் தூக்கிட்டு எறங்கிப் போவியா? அத்தன பொம்பளைய இருக்கச்சில, தலைவிண்ணு நான் ஒருத்தி முன்ன நாற்காலியில இருக்கச்சில?

நான் என்ன செய்தேண்ணு கேக்குதியா. நான் ஒண்ணும் செய்யல்ல. குமாரி கேட்டது நியாயந்தாண்ணு சொன்னேன். நடந்தத சொன்னாத்தான் உனக்கு அடுத்த டூட்டிண்ணு சொன்னேன். அவ்வளவுதான். நீ மீன வெட்டு, எனக்கு வேண்டி நிறுத்தாண்டாம். நான் இந்த முக்காலியில இருந்துக்கிடுதேன். சாயாவும் வேண்டாம். பூவார் பஸ்ஸுல நிண்ணு வந்த காலாக்கும், கொஞ்சம் நீட்டட்டும்.

வந்த காரியத்த சொல்லீருதேன், எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. வாற வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில துணைக்குக் கூட்டிருக்க ஒரு ஆளு வேணும். நெய்யாற்றின்கரையில இல்ல, திருவனந்தபுரத்துல, பெரிய ஆஸ்பத்திரி. ஒரு பொம்பளைக்கு ஒரு ஆப்பரேஷன், கூட வர ஆளில்ல. நீ போணும்.

இல்லியா? இந்த இல்லைய நான் பஸ்ஸு ஏறும்போதே எதிர்பாத்ததுதான். அத ஓரமா வையி, பொறவு எடுத்துக்கிடலாம்.

குமாரியா? குமாரிய அனுப்பத் தெரியாமலா நான் வெயில்ல இவ்வளவு தூரம் வந்தேன்? எனக்கு இந்த வேலைக்கு நீதான் வேணும். ஏன்னா, நோயாளிக்குப் பயம் கூடுதல். அப்பிடி வச்சுக்க.

நாம இத எப்பிடித் தொடங்குனோம்ணு உனக்கு ஓர்ம உண்டா? சாட்சரதா கிளாஸ் முடிஞ்சுபோச்சு, எழுதப் படிச்ச பொம்பளையளுக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல்ல. அப்பம் நாந்தானே சொன்னேன், ஆஸ்பத்திரியில ஆளில்லாம கிடக்குத பொம்பளையளுக்கு நாம போயிக் கூட்டிருக்கலாம்ணு. கஞ்சி வாங்க ஆளில்ல, மருந்துச் சீட்டு கொண்டு ஓட ஆளில்ல, கக்கூசுக்குப் பிடிச்சிட்டுப் போவ ஆளில்ல. ஆளு கூட இல்லாட்டா நர்சுகூட ஒரு மாதிரியாத்தான் பாப்பா. பாறசாலையில இருந்து பூவார்வரைக்கும் நம்ம சமாஜத்துக்கு ஒரு பேரு உண்டுண்ணா அதுனாலயாக்கும்.

சனியாழ்ச்ச கூடியிருந்து, போயிட்டு வந்தவ எழும்பி நிண்ணு நடந்தத சொல்லணும்ணது எனக்க ஏற்பாடு. கான்வென்டுல சிஸ்டர் எங்கள அப்பிடித்தான் நிறுத்திக் கேப்பா, நேத்து என்ன நல்ல காரியம் செய்தேண்ணு. எனக்கு அது கொள்ளாம்ணு தோணிச்சு. ஒருத்தி சொன்னா மத்தவளுக்குப் படிப்பு. எல்லாவளும் சொல்லத்தானே செய்யுதா? குன்னத்துகால் அம்மைக்கு கர்ப்பப்பை எடுத்தத குமாரி சொன்னப்ப, எல்லாரும் கண்ணீர் விட்டுக் கரஞ்சோமே.

நீ கரையல்ல. எனக்குத் தெரியும், நீ எழும்பி ஜன்னல் பக்கம் போயி நிண்ண. மறுநாளு காஞ்சிரங்குளம் சந்தையில, மீனுக்கு விலை சொல்லுததுக்கு முன்ன அந்த அம்மைக்க கர்ப்பப்பைக் கதைய சொன்னாளுவ. அதையும் நான் கேட்டேன். எனக்கும் காது உண்டு பிரிஜித்து. இல்லாத்தது மாதிரி இருந்தேண்ணு நீ நினைச்சா, நினைச்சுக்க.

அது போட்டு. நீ கடைசியா கூட்டிருந்தியே, அந்தப் பெண்ணு. சின்னப் பெண்ணு, கட்டிலுக்க கம்பியப் பிடிச்சிட்டு முகத்த சுவருக்குத் திருப்பிக் கிடந்தாளே. அவளுக்கு என்னவாக்கும் தீனம்?

நான் சும்மா கேக்கல்ல. தலைவிக்கு அறிய உரிமை உண்டு. நாளைக்கு போலீசு கேஸு வல்லதும் வந்தா, யாரு போயி நிக்கணும்? நானாக்கும் நிக்கணும். உனக்க மாப்பிள ததேயூஸா வரப் போறாரு? அவருக்கு வள்ளமும் வலையும் விட்டா ரோடு தெரியாது.

தலைய ஆட்டாத, வாயால சொல்லு.

சரி, தலைவிய விடு. நம்ம ரெண்டுபேரும் ஒரு பெஞ்சுல இருந்து அந்தக் கிளாஸ்ல மண்ணெண்ண விளக்கு வச்சு ஆளுவளப் படிப்பிச்சோமே. உனக்க மகனுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப பாறசாலையில கீழாநெல்லி தேடி அலைஞ்சது யாரு? நாந்தானே. சமாஜத்துல சொல்லாண்டாம், எனக்க காதுல சொல்லு. இந்த மீனும் அந்தப் பூனையும் தவிர கேக்க ஒரு சீவன் இல்ல.

அதுக்கும் இல்லியா. நல்ல ஆளாக்கும் நீ.

ஒரு காரியம் சொல்லட்டா? அந்தப் பெண்ணு நேத்து எனக்க வீட்டுக்கு வந்தா. பெத்த தள்ளையும் கூட வந்தா. எல்லாத்தையும் சொல்லிக் கரஞ்சிட்டுப் போனா. இப்ப எனக்கு எல்லாம் தெரியும். நீ புதுசா ஒண்ணும் சொல்லாண்டாம். நான் சொல்லுதேன், நீ ஆமாவா இல்லியாண்ணு மட்டும் சொன்னாப் போதும். அது ஒண்ணும் சொல்லுததுல சேராது. அவளுக்கு வயித்துல உண்டாயிருந்ததுதானே?

கத்திய அப்பிடி அமுக்காத, பலகை ரெண்டாப் போவும். மொறைக்கவும் செய்யாத. நான் கேட்ட கேள்விக்கு கண்ணுகூட அனக்கல்லியே நீ. ஆமாண்ணும் இல்ல, இல்லைண்ணும் இல்ல. பாற மாதிரி இருக்க.

எறங்கிப் போண்ணா சொல்லுத? எனக்க நாக்கு கொள்ளாதுண்ணா, எனக்க முகத்தப் பாத்தா? கொள்ளாம். எனக்க நாக்கப் பத்தி ஊருல எல்லாரும் முதுகுக்குப் பின்னாலதான் பேசுவினும். முகத்துக்கு நேர சொன்னது நீ ஒருத்திதான். போறேன், போவாம இஞ்சயா கிடக்கப் போறேன். சொல்ல வந்தத சொல்லீட்டுப் போறேன்.

அந்தப் பெண்ணு எனக்க வீட்டுக்கு வரல்ல. அவளுக்கு என்னண்ணு எனக்கு ஒரு எழவும் தெரியாது. எனக்கு அறியவும் வேண்டாம். நீ சொல்லியிருந்தா, அப்பமே எழும்பி பஸ்ஸ்டாப்புக்கு நடந்திருப்பேன்.

இருந்து கேளு. வியாழக்கிழமைக்கு உள்ள நோயாளிக்க பேர ஒருநாளும் சமாஜத்துல யாரும் அறியப்பிடாது. சனியாழ்ச்ச நீ எழும்பி நிண்ணு சொல்லவும் வேண்டாம். அவளுக்கு வீட்டுல ஆளில்லாம ஒண்ணும் இல்ல. மாப்பிள உண்டு. ஆனா அவருக்கு வயித்துல ஒரு வார்த்தை தங்காது. அவரு அறிஞ்சா அவருக்க அக்கா அறிவா, அக்கா அறிஞ்சா பாறசாலை டவுண்ல மைக்கு வைக்காண்டாம். மகளுக்கு இப்பம் ஒரு கல்யாண ஆலோசனை வந்திருக்கு, நல்ல எடம். பையனுக்க தள்ளை வந்து பாத்து, பெண்ணுக்க அம்மைக்கு நல்ல ஆரோக்கியம்ணு வேற சொல்லீட்டுப் போனா. அந்த ஆஸ்பத்திரிக்க பேரக் கேட்டாலே, அந்தத் தீனம் பிள்ளைக்கும் பின்னால வருமாண்ணு கேப்பினும். அந்தத் தள்ளை கேக்காம இருப்பாளா? நானாயிருந்தாலும் கேட்டிருப்பேன்.

யாருண்ணா கேக்குத? இடது பக்கம் நெஞ்சுல, இஞ்ச, ஒரு புளியங்கொட்ட அளவுக்கு ஒரு கட்டி. சேலைக்குப் பின்னு குத்துன எடம் தடிச்சிருக்குண்ணுதான் நானும் கொஞ்ச நாளு வேற பக்கம் குத்திப் பாத்தேன். எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணுமாம். வல்லதும் ஆவலாம், ஒண்ணும் இல்லாமலும் போவலாம்ணு டாக்டரு சொன்னாரு. அந்த ஆளுக்க முகத்தப் பாத்து எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல. மக அஸ்வதிகிட்டயும் சொல்லல்ல. சமாஜத்துக்கு மீட்டிங்ணு சொல்லீட்டுத்தான் இப்பமும் எறங்குனேன்.

கரையாத. எனக்கு அது பிடிக்காது. உனக்கு கை முழுக்க மீனு, கண்ணத் தொடவும் செய்யாத.

மொதல் பஸ்ஸாக்கும். நீ பூவார்ல இருந்து ஏறி வா, நான் நெய்யாற்றின்கரையில ஏறுதேன். பஸ்ஸுல என்னட்ட பேசாண்டாம், பக்கத்துல இருக்கவும் வேண்டாம், யாராவது அறிஞ்ச ஆளு இருப்பா. ஆஸ்பத்திரிக்குள்ள கேறுன பொறவு போதும். தியேட்டர் வாசல்ல விஜயம்மாக்க ஆளு யாருண்ணு விளிப்பினும். அப்பம் எழும்பிப் போயி ஒப்பு போடணும். என்ன முறைண்ணு கேட்டா வாயில தோணுனத சொல்லு, நான் உள்ள இருந்து மாத்திச் சொல்லமாட்டேன். மயக்கம் தெளியும்போ நான் வல்லதும் உளறுனா, அதையும் அஞ்சயே விட்டிரணும்.

அந்த மீன வெட்டுதத ஒண்ணு நிறுத்து பிரிஜித்து. இஞ்ச பாரு. எனக்குக் கூட்டிருக்க வருவியா?