தேர்த் தேங்காயும் திலாப்பியாக் குஞ்சுகளும்

எனக்கு மீன் குழம்பு என்றால் உயிர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மீன்களுக்கு ஜென்மப் பகையாளி என்று பின்னால் யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது.

பல்கலைக்கழகக் கடைசி ஆண்டில் எனக்கும் யுகேந்திரனுக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி கொடுத்தார்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் ஜார்ஜ் டவுனில் தேர் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைத்துக் குவிப்பார்களே, அதை அள்ளிவந்து, காயவைத்து அரைத்து, திலாப்பியா மீன் குஞ்சுகளுக்குத் தீவனமாகப் போட்டால் கொழுக்குமா என்று பார்க்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. போன வருடத்து மிச்சத்தை வைத்து ஆரம்பித்தோம். அப்புறம்தான் தெரிந்தது, அறிவியல் என்றால் தினமும் மீனை எடைபோடுவது என்று. நான் தின்கிற சோற்றையே எடைபோட்டவன் இல்லை.

சீக்கிரமே அலுத்துவிட்டது. விலகிவிடலாம் என்று தோன்றியது. தோன்றியது என்ன, வேறெதுவும் தோன்றவேயில்லை. ஆனால் யாரிடம் சொல்வது? எங்கள் விரிவுரையாளர் டாக்டர் நூர்ஜான் போன நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுப் பிரியாணி போட்டவர். கேட்டுக் கேட்டு வாங்கித் தின்ற வாயால் அவரிடம் போய் உங்கள் மீன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

யுகேந்திரனுக்கோ அந்த மீன்கள்மேல் பைத்தியம். பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெரி ஏறி வருவான். வந்ததும் பையைக்கூட இறக்காமல் தொட்டியை எட்டிப் பார்ப்பான். இது நல்லபடியாக முடிந்தால் மேற்படிப்புக்குத் தன்னிடமே சேர்த்துக்கொள்வதாக டாக்டர் சொல்லியிருந்தார். அவன் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான். இரண்டு பேர் வேலை இது. நான் விலகினால் அவன் அந்தரத்தில் நிற்பான். அப்படி ஒரு துரோகம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆகவே யாரும் விலகாமலே ஆராய்ச்சி தானாக முடிந்துபோக வேண்டும் என்று நினைத்தேன். மீனே இல்லையென்றால் எதை எடைபோடுவது? நிதானமாக யோசித்துப் பாருங்கள், இதைவிட மரியாதையான வழி கிடையாது.

இந்தத் தைப்பூசத்துக்கு யுகேந்திரன் காவடி எடுத்தான். விரதம் தொடங்கியதிலிருந்து ஒருவேளைச் சாப்பாடு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடுவான். தேர் வரும் நாள் காலையில் தொட்டித் தண்ணீரை மாற்றிவிட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே வந்தான்.

“நாளைக்கு காவடி போற ஜாலானெல்லாம் அடைச்சிருவாங்க லா. யாரும் வரமுடியாது. நீ தேங்காய மட்டும் அள்ளிரு, என்ன.”

“நீ நிம்மதியா போடா, நான் இருக்கேன்ல,” என்றேன்.

அவன் ஃபெரிக்கு ஓடியதும் என் சாவியைப் போட்டு உள்ளே போனேன். தண்ணீர் மாற்றும்போது தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரை நிறுத்தி, மாற்றி முடித்ததும் மறுபடி போட வேண்டும். மறக்காமல் போட்டிருந்தான். குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு நீந்தின. சுவிட்சை அணைத்தேன். கதவைப் பூட்டிவிட்டு நேராகத் தேர் பார்க்கப் போய், சாக்கு நிறையத் தேங்காய் அள்ளினேன், அந்த மீன்களுக்காகத்தான். இடுப்பு ஒடிந்துவிட்டது.

மறுநாள் தண்ணீர்மலைக் கோயிலுக்கு அவன் கூடவே நடந்தேன். வெயிலில் அவன் கால் பொத்துப்போகாமல் இருக்க வழியெல்லாம் தண்ணீர் ஊற்றினேன். எல்லாரும் அப்படிச் செய்துவிட மாட்டார்கள்.

அதற்கடுத்த நாள் கதவைத் திறந்தால் தொட்டி முழுக்கக் குஞ்சுகள் வயிறு தெரிய மிதந்தன. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். யுகேந்திரன் அசையாமல் நின்றான். வேல் குத்திய கன்னத்தில் திருநீறு அப்பியிருந்தது. நான் அவன்மேல் எந்தப் பழியும் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“தண்ணி மாத்திட்டு மோட்டார போட்டியாடா?”

“போட்டேன்னுதான்...” என்றவன் பாதியில் நிறுத்திச் சுவிட்சையே பார்த்தான். “போடல போலருக்கு கிஷன். சாமி நெனப்புலயே போயிட்டேன்.”

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவனாகவே போய் டாக்டரிடம் ஒப்புக்கொண்டான். நான் பக்கத்தில் நின்று, “விரதத்துல தல சுத்துதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தான் டாக்டர், பாவம்,” என்று பரிந்து பேசினேன். சாமி விஷயமாயிற்றே, டாக்டரால் திட்டவும் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உசுர பாத்துக்கிற வேல தம்பி இது. உன்ன நம்பி எப்படி மேல சேத்துக்கிறது?”

அந்த வாரமே யுகேந்திரன் படிப்பை விட்டான். இப்போது பட்டர்வொர்த் பக்கம் ஜுருவில் கார்க் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டும் கடையில் இருக்கிறான். விரத நாளில் உயிர்களைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரமாக அடுத்த வருடம் இன்னும் பெரிய காவடி எடுக்கப் போகிறானாம். கூட வரச் சொன்னான். வருகிறேன் என்றிருக்கிறேன், நண்பனாயிற்றே.

என் கஷ்டத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. டாக்டர் ஆராய்ச்சியை மூடவில்லை. புதுக் குஞ்சுகள் வாங்கி, பொறுப்பான பையன் என்று சொல்லி மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார். மறுபடியும் தினமும் எடை. துணைக்கு ஐனா என்று ஒரு மலாய்ப் பெண்ணைப் போட்டிருக்கிறார். மீன்களுக்குப் பெயரெல்லாம் வைக்கிறாள். நான் விலகப்போகிறேன் என்று சொன்னால் அழுதுவிடுவாள், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நோன்பு வைத்தால் உனக்கு மறதி வருமா என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன்.